கத்தரிக்கப்பட்ட வேதாகமம்



ஒரு ராஜா வேதவசனத்தை எப்படிக் கேட்டான் என்பதை எரேமியாவின் புத்தகம் 36-ஆம் அதிகாரம் நமக்குக் காட்டுகிறது. ஒன்பதாம் மாதத்தின் குளிர். யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீம் தன் குளிர்கால அரண்மனையில் கணப்புக்கு முன்பாக உட்கார்ந்திருக்கிறான். எரேமியா சொல்லச் சொல்லப் பாருக்கு எழுதிய சுருள் அவனுக்கு முன்பாக வாசிக்கப்படுகிறது. மூன்று நான்கு பத்திகள் வாசித்து முடிந்தவுடன் ராஜா ஒரு சூரிக்கத்தியை எடுத்து, வாசித்த பகுதியை அறுத்து நெருப்பில் எறிகிறான். சுருள் முழுவதும் சாம்பலாகும்வரை இதையே செய்கிறான். எல்நாத்தான், தெலாயா, கெமரியா என்னும் மூன்று பிரபுக்கள் வேண்டாம் என்று கெஞ்சியும் அவன் செவிகொடுக்கவில்லை.

அந்த ராஜாவுக்கு விரோதமாக எரேமியா உரைத்திருந்த வார்த்தைகளில் ஒன்று 22-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அயலானிடம் வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடாமல், அநீதியினால் தன் வீட்டைக் கட்டுகிறவனுக்கு ஐயோ என்று அங்கே 13-ஆம் வசனம் எச்சரிக்கிறது. கேதுருப் பலகைகளால் விசாலமான மாளிகையை எழுப்பி, கட்டினவர்களுக்குக் கூலி மறுத்த மனிதன் அவன். அவனுடைய தகப்பனாகிய யோசியாவோ ஏழைக்கும் எளியவனுக்கும் நியாயம் விசாரித்தான் என்று தீர்க்கதரிசி நினைப்பூட்டுகிறார். கத்தியைக் கையில் எடுத்தவன் எதற்குப் பயந்தான் என்பது இதிலிருந்து நமக்கு ஒருவாறு விளங்கும்.

இந்த வாரம் இந்த வேதபகுதியை வைத்துக்கொண்டு திருச்சபை வரலாற்றின் ஒரு துக்கமான பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும்படி உங்களை அழைக்கிறேன். கிறிஸ்தவர்களே கத்தியைக் கையில் எடுத்த கதை அது.

1807-ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு புத்தகம் அச்சிடப்பட்டது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள நீக்ரோ அடிமைகளின் உபயோகத்துக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட பரிசுத்த வேதாகமப் பகுதிகள் என்று அதன் முகப்பு அறிவித்தது. அடிமைகளைக் கிறிஸ்தவ மார்க்கத்துக்குக் கொண்டுவருவதற்காக இங்கிலாந்தில் ஏற்படுத்தப்பட்டிருந்த ஒரு சங்கத்துக்காக அது வெளியிடப்பட்டது. இன்று "அடிமை வேதாகமம்" என்று வரலாற்றாசிரியர்கள் அழைப்பது இதைத்தான். அதன் பிரதிகளில் இன்று அறியப்பட்டவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அப்பல்கலைக்கழகம், அடிமைத்தனம் ஒழிந்தபின் விடுதலையடைந்த மக்களின் கல்விக்காக எழுப்பப்பட்டது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

நம் கையிலுள்ள வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உண்டு. அந்தப் புத்தகத்திலோ 232 அதிகாரங்களே இருந்தன. பழைய ஏற்பாட்டில் சுமார் பத்தில் ஒன்பது பங்கும், புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழப் பாதியும் நீக்கப்பட்டிருந்தன. எவை நீக்கப்பட்டன, எவை விடப்பட்டன என்பதில்தான் காரியம் இருக்கிறது. யோசேப்பு விற்கப்பட்டு, எகிப்தில் உண்மையுள்ள அடிமையாய் வேலை செய்த சரித்திரம் இருந்தது. இஸ்ரவேலர் எகிப்தில் ஒடுக்கப்பட்டதும், மோசே பார்வோனுக்கு முன்பாக நின்றதும், சிவந்த சமுத்திரம் பிளந்ததும் இல்லை. மனிதனைத் திருடி விற்கிறவன் மரணத்துக்குப் பாத்திரன் என்று தீர்க்கும் யாத்திராகமம் 21:16 இல்லை. ஒடுக்கப்பட்டவர்களின் பெருமூச்சு நிறைந்த சங்கீதப் புத்தகம் முழுவதுமாக இல்லை. வெளிப்படுத்தின விசேஷமும் முழுவதுமாக இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் பேதமில்லை என்று பவுல் முழங்கும் கலாத்தியர் 3:28 இல்லை. வேலைக்காரர் தங்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்னும் எபேசியர் 6:5 மட்டும் பத்திரமாக இருந்தது.

கூலி கொடாமல் வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ என்னும் எரேமியா 22:13-உம் அதில் இல்லை. யோயாக்கீமுக்கு விரோதமாகச் சொல்லப்பட்ட அதே வார்த்தை! இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்பு, கரும்புத் தோட்டங்களில் கூலியின்றி உழைத்த மக்களின் கண்களுக்கு அது மறைக்கப்பட்டது.

இதைச் செய்தவர்கள் யார்? தேவபயமற்ற துன்மார்க்கர் என்று சொல்லிவிட்டால் நமக்கு எளிதாயிருக்கும். ஆனால் அந்தச் சங்கத்தை நிறுவி நடத்தியவர் இலண்டன் பேராயரான பெயில்பி போர்ட்டியஸ். அடிமை வியாபாரத்துக்கு விரோதமாகத் துணிந்து பேசிய மனிதர் அவர். 1783-இல் செய்த ஒரு பிரசங்கத்தில், பார்படோஸ் தீவிலே ஒரு மிஷனரிச் சங்கத்துக்குச் சொந்தமாயிருந்த காட்ரிங்டன் தோட்டத்து அடிமைகளின் நிலையைக் குறித்து அந்தச் சங்கத்தாரின் முகத்துக்கு முன்பாகவே எடுத்துரைத்தார். அந்தத் தோட்டத்தில் அடிமைகளின் மார்பில் "சங்கம்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் காய்ச்சிய இரும்பினால் ஒரு காலத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அடிமைகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் சட்டம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நிறைவேறியதும் இதே 1807-ஆம் ஆண்டில்தான். ஆயினும் ஏற்கெனவே அடிமைகளாயிருந்தவர்களுக்கு அச்சட்டத்தால் விடுதலை கிடைக்கவில்லை.

தோட்ட முதலாளி அனுமதித்தாலொழிய ஒரு மிஷனரி அடிமைகளின் குடிசைகளண்டை போகமுடியாத காலம் அது. முதலாளிக்கு அச்சமூட்டாத ஒரு வேதாகமமானால் அனுமதி கிடைக்கும். சிறிதளவாவது வசனம் அந்த மக்களுக்குப் போய்ச் சேரும். இப்படித்தான் அந்த நல்ல மனிதர்கள் எண்ணியிருக்கக்கூடும். ஆத்துமாவுக்கு இரட்சிப்பு கிடைத்தால் போதும், சரீரத்தின் கட்டு எப்படியிருந்தாலென்ன என்ற எண்ணமும் அவர்களுக்குள் வேலை செய்தது. சுவிசேஷத்துக்கு வழி திறக்கும் நோக்கத்தோடேயே சுவிசேஷத்தின் பெரும்பகுதியை அவர்கள் வெளியே விட்டுவிட்டார்கள்.

இந்தப் பயம் ஒரு உண்மையுள்ள ஊழியக்காரரின் இருதயத்துக்குள்ளும் எப்படி நுழைந்தது என்பதற்கு ஜான் ஸ்மித் என்பவரின் வாழ்க்கை சாட்சி. இலண்டன் மிஷனரி சங்கத்தார் 1817-இல் அவரைத் தென் அமெரிக்கக் கரையிலுள்ள டெமராராவுக்கு அனுப்பினார்கள். இன்றைய கயானா நாட்டின் ஒரு பகுதி அது. அடிமைகள் தங்கள் எஜமான்கள்மேல் அதிருப்தி கொள்ளும்படியான ஒரு வார்த்தையும் அவர் வாயிலிருந்து வரக்கூடாது என்று சங்கத்தாரே அவருக்குப் புத்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்தவுடன், அடிமை ஒருவனுக்காவது வாசிக்கக் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவந்தால் நாடு கடத்திவிடுவேன் என்று ஆளுநர் ஜான் மரே அவரை எச்சரித்தார்.

லே ரெசூவனீர் என்னும் தோட்டத்திலிருந்த பெத்தேல் ஆலயத்தில் ஸ்மித் பிரசங்கித்தார். அதே 1817-ஆம் ஆண்டு ஆதியாகமத்தைத் தொடர்ந்து வாசித்துப் போதித்து வந்தபோது, 13-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியைத் தாண்டிச் சென்றதாகத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஆபிரகாமுக்குக் கானான் தேசம் வாக்களிக்கப்பட்ட பகுதி அது. அதைக் கேட்கிற அடிமைகள் தாம் விரும்பாத ஒரு அர்த்தத்தை எடுத்துக்கொள்வார்களோ என்று அவர் அஞ்சினார். இலண்டனில் அச்சகத்தில் நடந்தது, டெமராராவின் பிரசங்க பீடத்தில் இன்னொரு விதமாக நடந்தது.

ஆனால் வசனம் கட்டப்பட்டிருக்கவில்லை என்று சிறையிலிருந்து எழுதிய பவுல் அறிந்திருந்தார். பெத்தேல் ஆலயத்தின் மூப்பரான உதவிக்காரர் குவாமினா என்பவர் ஒரு தச்சர். சக்சஸ் என்னும் தோட்டத்தின் அடிமை. மனைவி மரணப்படுக்கையில் கிடந்தபோதும் வேலையை விட்டு அவளண்டை போக அனுமதி கிடைக்காமல் துன்பப்பட்டவர். இப்படிப்பட்டவர்கள் அந்த ஆலயத்தில் ஞாயிறுதோறும் கூடி, கேட்டதை மனப்பாடம் செய்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள்.

1823 ஆகஸ்ட் 18-ஆம் தேதி டெமராராவின் கீழ்க்கரைத் தோட்டங்களில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஏறத்தாழப் பத்தாயிரம்பேர் பங்குகொண்ட எழுச்சி அது. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவன் குவாமினாவின் மகன் ஜாக். இரத்தம் சிந்தவேண்டாம் என்று தகப்பன் தடுக்க முயன்றார். பல தோட்டங்களில் வெள்ளையரைப் பிடித்துத் தொழுமரத்தில் மாட்டிவைத்தார்களேயன்றிக் கொல்லவில்லை. வெள்ளையரில் இறந்தவர்கள் மிகச் சிலரே. அடிமைகளிலோ நூற்றுக்கணக்கானோர் சுடப்பட்டும் தூக்கிலிடப்பட்டும் மாண்டார்கள். குவாமினா செப்டம்பர் மாதத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய உடல் சங்கிலிகளால் பிணிக்கப்பட்டு, சக்சஸ் தோட்டத்துக்கு முன்பாகத் தொங்கவிடப்பட்டது.

ஜான் ஸ்மித் கைதுசெய்யப்பட்டு இராணுவ நீதிமன்றத்துக்கு முன்பாக நிறுத்தப்பட்டார். அந்த விசாரணையில் அவருடைய நாட்குறிப்பும் சாட்சியாக வாசிக்கப்பட்டது. மோசேயைக் குறித்தும் யாத்திராகமத்தைக் குறித்தும் அவர் என்ன போதித்தார் என்று சாட்சிகளை விசாரித்தார்கள். வேதவசனமே குற்றவாளிக் கூண்டில் ஏறியதுபோலிருந்தது. ஆதியாகமத்தின் ஒரு பகுதியைப் பயந்து தாண்டிப்போன அவருக்கு அந்த முன்னெச்சரிக்கையும் உதவவில்லை. அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ராஜாவின் இரக்கத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டபோதிலும், பதில் வந்து சேருமுன் காசநோயினால் 1824 பிப்ரவரி 6-ஆம் தேதி சிறையிலேயே மரித்தார். இரவில் அடையாளமில்லாத குழியில் அவரை அடக்கம்பண்ணினார்கள். அந்தச் செய்தி இங்கிலாந்தின் ஆலயங்களில் அநேகருடைய மனச்சாட்சியை அசைத்தது. பாராளுமன்றத்திலும் அது விவாதத்துக்கு வந்தது.

எட்டு ஆண்டுகளுக்குப் பின்பு ஜமைக்காத் தீவில் இதேபோன்ற ஒரு காரியம் நடந்தது. சாமுவேல் ஷார்ப் என்பவர் மான்டிகோ பே நகரத்துப் பாப்திஸ்து சபையின் உதவிக்காரர். அடிமையாயிருந்தும் வாசிக்கத் தெரிந்தவர். ஒருவனும் இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்யமுடியாது என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்ன வார்த்தை அவரைப் பற்றிக்கொண்டது. கிறிஸ்துவுக்குச் சொந்தமானவனை வேறொருவன் எப்படிச் சொத்தாக வைத்திருக்கமுடியும் என்று அவர் கேட்டார். 1831 கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பின், கூலி தராவிட்டால் வேலைக்குப் போவதில்லை என்று அமைதியாக உட்கார்ந்துவிடும்படி தம் ஜனங்களை ஆயத்தப்படுத்தினார். ஆனால் டிசம்பர் 27-ஆம் தேதி இரவு தோட்டங்கள் எரியத் தொடங்கின. எழுச்சி அடக்கப்பட்டபோது முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். 1832 மே 23-ஆம் தேதி ஷார்ப்பும் தூக்கிலிடப்பட்டார். அடிமையாய் வாழ்வதைவிடத் தூக்குமரத்தில் சாவதே மேல் என்று, சிறையில் தம்மைச் சந்தித்த மிஷனரியிடம் அவர் சொல்லியிருந்தார்.

அடுத்த ஆண்டு, 1833 ஆகஸ்டில், அடிமைத்தன ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1834 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. பயிற்சிக்காலம் என்ற பெயரில் நீடித்த கட்டாய வேலையும் 1838 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அந்தத் தீவுகளில் ஒழிந்தது. அன்றைய இரவு ஜமைக்காவின் ஃபால்மவுத் நகரில் வில்லியம் நிப் என்னும் மிஷனரியின் சபையார் ஒரு சவப்பெட்டியைச் செய்து, அதற்குள் சங்கிலியையும் சாட்டையையும் கழுத்து இரும்பையும் வைத்து அடக்கம்பண்ணினார்கள்.

விடுதலையின்போது பிரிட்டிஷ் அன்ட் ஃபாரின் வேதாகமச் சங்கத்தார் வாசிக்கத் தெரிந்த அந்த மக்களுக்கு ஒரு வெகுமதியை அனுப்பினார்கள். அது சங்கீதங்களோடு சேர்ந்த முழுப் புதிய ஏற்பாடு. 1807-இல் நீக்கப்பட்ட சங்கீதங்களும் கலாத்தியர் 3:28-உம் வெளிப்படுத்தின விசேஷமும் 1834-இல் அவர்கள் கையில் வந்து சேர்ந்தன. யோயாக்கீம் சுருளைச் சுட்டெரித்தபின் என்ன நடந்தது என்று எரேமியா 36-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் சொல்லுகிறது. பாருக்கு மறுபடியும் எல்லாவற்றையும் எழுதினான். முன்பு இல்லாத இன்னும் அநேக வார்த்தைகளும் அதனோடே சேர்க்கப்பட்டன.

பிரியமானவர்களே, இது எங்கோ கடலுக்கு அப்பால் நடந்த பழங்கதை என்று எண்ணி நாம் புத்தகத்தை மூடிவிடமுடியாது. அடிமைத்தன ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய அதே 1833-ஆம் ஆண்டில், ஜூலை மாதத்தில், கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய மிஷன்களுக்கு ஒரு சுற்றுக்கடிதம் எழுதினார். சாதி வேற்றுமை திருச்சபைக்குள் இனி இருக்கக்கூடாது. அது உடனடியாகவும் முழுவதுமாகவும் விலக்கப்படவேண்டும் என்பதே அதன் சாரம். நம் முன்னோர்கள் ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் உட்கார்ந்தார்கள். கர்த்தருடைய பந்திக்கு வரும்போதும் யார் முன்னே, யார் பின்னே என்று பார்த்தார்கள். கடிதம் வாசிக்கப்பட்டபோது, சாதியை விடுவதைவிடச் சபையை விடுவதே மேல் என்று தஞ்சாவூரிலும் சென்னையிலும் அநேகர் விலகிப்போனார்கள். அவர்களுடைய வேதாகமத்தில் கலாத்தியர் 3:28 அச்சிடப்பட்டிருந்தது. எவரும் அதைக் கத்தரிக்கவில்லை. அது இல்லாததுபோலவே வாசித்துப் பழகியிருந்தார்கள்.

நம் காலத்தில் கத்தி இன்னும் மெல்லியதாகிவிட்டது. புதுவருஷத்தில் வாக்குத்தத்த அட்டையை எடுத்து, அந்த ஒரு வசனத்தோடு ஆண்டு முழுவதையும் கடத்திவிடுகிறோம். ஆசீர்வாதத்தின் வசனங்களை வீட்டுச் சுவரில் மாட்டுகிறோம். வேலைக்காரனின் கூலியைப் பிடித்துவைத்தவர்களைக் கண்டிக்கும் யாக்கோபு 5:4-ஐ யாரும் மாட்டுவதில்லை. எபேசியர் 6:5-ஐ நம் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு நினைப்பூட்டுகிறோம். எஜமான்கள் பயமுறுத்துதலை விட்டுவிடவேண்டும் என்னும் 9-ஆம் வசனத்தை நமக்கு நாமே வாசித்துக்கொள்வதில்லை. மனைவிகளுக்கான வசனம் கணவர்களுக்கு மனப்பாடம். கணவர்களுக்கான வசனமோ அவர்கள் நாவில் வருவதில்லை. பிள்ளைகளின் திருமணத்துக்கு வரன் பார்க்கும் நாளில், கலாத்தியர் 3:28 நம் வேதாகமத்திலும் காணாமற்போய்விடுகிறது. போதகர்களாகிய நாங்களும் சபையார் முகம் சுளிப்பார்கள் என்று சில அதிகாரங்களைத் தாண்டிப் போகக்கூடும். ஸ்மித்தின் நாட்குறிப்பு எங்களுக்காகவும் எழுதப்பட்டிருக்கிறது.

தம்முடைய உபதேசத்தில் நிலைத்திருக்கிறவர்களே சத்தியத்தை அறிவார்கள், அந்தச் சத்தியம் அவர்களை விடுதலையாக்கும் என்று நம் ஆண்டவர் யோவான் 8-ஆம் அதிகாரத்தில் சொன்னார். கேட்டவர்கள் உடனே, நாங்கள் ஒருக்காலும் யாருக்கும் அடிமைகளாயிருக்கவில்லையே என்றார்கள். எகிப்தும் பாபிலோனும் அவர்களுக்கு மறந்துபோயிற்று. தங்களுடைய சொந்த வேதத்தின் பக்கங்களையே அவர்கள் மறந்திருந்தார்கள். ஆகையால் தங்கள் கட்டுகளையும் அவர்களால் பார்க்கமுடியவில்லை.

ஆவிக்குரிய விடுதலை என்பது நமக்குப் பிடித்த வசனங்கள் தரும் ஆறுதலோடு முடிந்துவிடுவதில்லை. நமக்கு விரோதமாகப் பேசும் வசனத்தையும் கேட்கும்படி உட்கார்ந்திருக்கும் தைரியம் அதற்குள் அடங்கியிருக்கிறது. அந்த வசனம் நம் இச்சையிலிருந்தும், பெருமையிலிருந்தும், அயலானின்மேல் நாம் வைத்திருக்கும் நுகத்திலிருந்தும் நம்மைப் பிரித்தெடுக்கும். அடிமைகளை விடுவிப்பதற்கு முன்பாக முழு வேதாகமம் எஜமான்களை விடுவித்திருக்கவேண்டும். அவர்களோ அதைத் தங்களுக்குத் தூரமாக வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே இந்த வாரம் ஒரு தீர்மானம் எடுப்போம். வாரநாட்களில் மூன்று அதிகாரங்களும் ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து அதிகாரங்களும் வாசித்தால், 1,189 அதிகாரங்களும் ஓராண்டுக்குள் முடியும். குடும்ப ஜெபத்தில் சத்தமாக வாசியுங்கள். கண் வேகமாகத் தாண்டிப்போக விரும்பும் இடம் வரும்போது நின்று, அந்த வசனத்தை இரண்டாம்முறை வாசியுங்கள். ஏன் தாண்டிப்போக விரும்பினேன் என்று ஆண்டவரிடத்தில் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத முதியவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், வாரம் ஒருமுறையாவது அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுத்தறியாத குவாமினாக்கள் கேட்டே கற்றுக்கொண்டார்கள் என்பதை மறவாதிருங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் பரம பிதாவே, உம்முடைய வசனத்தை எங்களுக்கு முழுமையாகத் தந்தீர். அதில் எங்களுக்குக் கசப்பானதை அறுத்துப்போடும் கத்தியை எங்கள் கையிலிருந்து எடுத்துப்போடும். எங்களைக் கண்டிக்கும் வார்த்தைக்கும் செவிகொடுக்க எங்களுக்குக் கிருபை தாரும். எங்களால் கட்டப்பட்டிருக்கிறவர்களை நாங்கள் அவிழ்த்துவிடவும், உம்முடைய குமாரன் தரும் மெய்யான விடுதலையில் அவர்களோடு சேர்ந்து நடக்கவும் பெலன் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.